விசையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய்

ஒஸ்லோ நகரத்து அம்மருட்டில் ஏழாம் மாடியில், தன் படுக்கையறை அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு துவக்கு வந்து குடியிருப்பது தேவிகாவுக்குத் துண்டறப் பிடிக்கவில்லை. சட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. பொலிசில் பதிந்த வேட்டைத் துவக்கு, சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டி, பூட்டின் திறப்பு எந்நேரமும் புருசன் குகநேசனின் இடுப்பில். இருந்தாலும் அந்தப் பெட்டிப் பக்கமாகத் தலைவைத்துப் படுக்க அவளால் முடியவில்லை. பெட்டி வந்த அன்றே கட்டிலைத் திருப்பிப் போட்டாள். "துவக்கு தன்ரை பாட்டிலை எழும்பி வந்து சுடாதப்பா" என்று குகநேசன் சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார்.

அவளுடைய பயம் சும்மா வந்ததல்ல. பதினேழு வயதில் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில், அவளுடைய புத்தகப் பையைத் துவக்கின் வாயால் கிளறினான் ஒரு ஆமிக்காரன். கிளறிய வாய் பிறகு மெல்ல மேலே ஏறி அவளுடைய தொண்டைக்குழியில் வந்து நின்றது. அப்போது அவன் கொட்டாவி விட்டான். அவ்வளவுதான், போ என்று விட்டுவிட்டான். அந்த இரும்பின் குளிர் மட்டும் இருபத்திரண்டு வருடமாகியும் போகவில்லை. ஒஸ்லோவின் எந்தப் பனிக்காலமும் அதற்குக் கிட்ட வராது என்று அவள் சொல்வாள்.

குகநேசன் பஸ் கராஜில் மெக்கானிக். கூட வேலைசெய்கிற தூர்கெய்ர் என்பவர்தான் அவரை இந்த எல்க் மான் வேட்டைக்கு இழுத்துவிட்டது. முதல் வருடம் துவக்கில்லாமல் அவர்களுக்குப் பின்னால் காடு முழுக்க நடந்தார். அடுத்த வருடம் பரீட்சை எழுதி, குறி சுட்டுக் காட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தார். இந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில்தான் மான் வருகிற வழியில் துவக்கோடு காத்திருக்க அவருக்கென்று ஒரு காவலிடம் கொடுத்தார்கள். பதினொரு நோர்வேக்காரர், நடுவில் ஒரு குகநேசன். அவர்கள் 'கூகா' என்று கூப்பிடுவதை வீட்டில் நாலு தரம் சொல்லிக் காட்டிவிட்டார். அதைச் சொல்லும்போது மனுசனுக்கு முகத்தில் ஒரு வெட்கம் வரும். அந்த வெட்கத்துக்காகத்தான் தேவிகா வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை மகள் ஆரணியும் போகிறாள் என்றதும் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆரணிக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். மான் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்குப் பக்கத்தில், அதே காவலிடத்தில், சத்தம் போடாமல் இருந்து பார்க்கலாம் என்று தூர்கெய்ரும் சொல்லிவிட்டார்.

"பிள்ளையை ஏனப்பா அங்கை கூட்டிக்கொண்டு போறியள்?"

"அவள் என்னோடைதானே இருக்கப்போறாள். என்னிலை நம்பிக்கை இல்லையோ உமக்கு?"

"உங்களிலை இருக்கு. உதிலைதான் இல்லை" என்று பெட்டியைக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் துவக்கைக் குசினி மேசையில் கிடத்திக் கழற்றத் தொடங்கினார். துவக்கு வெளியே வந்தால் தேவிகா அந்த அறையில் நிற்க மாட்டாள். டெலிபோனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். தமக்கை துரொண்ட்ஹெய்மிலிருந்து மகனின் கலியாணப் பேச்சைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாள், இவள் ஓம் ஓம் என்று கேட்டாள். அந்த ஒரு மணித்தியாலத்தில் குசினியில் நடந்தது முழுவதையும் ஆரணிதான் பிறகு சொன்னாள். சொன்ன நேரம் பிந்திப்போன நேரம்.

நடந்தது இதுதான். குகநேசன் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, விசை இருக்கிற சின்ன இரும்புக் கூட்டைத் தனியே எடுத்தார். லைட்டருக்கு ஊற்றுகிற பெற்றோலில் அதை அமிழ்த்தி, பழைய பல்துலக்கியால் தேய்த்தார். உள்ளேயிருந்து மண்ணிறத்தில் பிசின் மாதிரி எண்ணெய் கரைந்து வந்தது. "இதுதான் ஆபத்து. சூட்டிலை இது எண்ணெய், குளிரிலை இது சீனிப்பாணி. உள்ளுக்கை இருக்கிற துண்டுகள் போன இடத்திலையே ஒட்டிக்கொண்டு நிக்கும், திரும்பி வராது" என்று மகளுக்குக் காட்டினார். இரண்டு தரம் கழுவினார், ஊதினார், தலைமயிர் காயவைக்கிற மெஷினால் காயவைத்தார். பிறகு ஈர்க்கு நுனியில் தொட்ட அளவுக்குக் கறுத்த பென்சில் தூள். எண்ணெய் ஒரு பொட்டும் இல்லை. அதோடு விட்டாரா? கூட்டை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில், விளைமீனுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் வைத்தார். அரை மணித்தியாலம் கழித்து எடுத்துப் பூட்டி, தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைத் தோட்டா இல்லாமலே பத்துத் தரம் அடித்து மூடிப் பார்த்தார். பத்துத் தரமும் விசை தன் இடத்தில் திருத்தமாக நின்றது. பஸ் பிரேக் பார்க்கிற கை அது, பிழைக்காது. தேவிகா பிறகு குசினிக்கு வந்து, மீன் பெட்டியில் பெற்றோல் மணக்கிறது என்று சண்டை பிடித்ததோடு சரி.

அடுத்த நாள் சனிக்கிழமை ஆயுத பூசை.

தேவிகா முன்னறையில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, சரஸ்வதி படம் வைத்தாள். ஆரணியின் புத்தகங்கள், மடிக்கணினி, தன் தையல் மெஷின், கத்தி, தேங்காய்த் திருவலை, குகநேசனின் ஸ்பானர் சாவிக்கட்டு எல்லாம் வரிசையாக வந்தன. குகநேசன் குளிக்கப் போக முன்னர் துவக்கையும் கொண்டுவந்து சாவிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடத்தினார்.

"என்னப்பா இது?"

"ஆயுத பூசையிலை ஆயுதம் இல்லாமலோ? தோட்டா ஒண்டும் இல்லை, பயப்பிடாதையும்."

அவர் குளியலறைக் கதவைச் சாத்தினார். ஆரணி பூ வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் தேவிகாவும் துவக்கும் மட்டும்.

அவளுடைய வீட்டு வழக்கம், பூசைக்கு வைக்கிற இரும்பை முதலில் துடைத்து நல்லெண்ணெய் தொட்டுத் தடவ வேண்டும். வறண்ட இரும்பைச் சாமிக்கு முன்னால் வைப்பதில்லை. எண்ணெய்க்குப் பிறகுதான் சந்தனம், அதன்மேல் குங்குமம். கத்திக்குச் செய்தாள், திருவலைக்குச் செய்தாள், தையல் மெஷினின் துளைகளில் வழக்கம்போல ஒவ்வொரு சொட்டு விட்டாள். சாவிகளைத் தடவினாள். அடுத்தது துவக்கு.

வாழ்நாளில் அவளாகத் துவக்கைத் தொட்டது அன்றைக்குத்தான். மரப்பிடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பயந்தவளுக்கு ஒரு பொட்டுப் போதுமா? நாளைக்குப் பிள்ளை இதற்குப் பக்கத்தில் இருக்கப்போகிறாள். இதனுடைய கோபம் எங்கே இருக்கிறதோ அங்கே குளிர்த்தி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் விரல் வைக்கிற இடத்தில் இருக்கிறது. பார்த்தாள், அந்த வளைந்த இரும்பு கழுவித் துடைத்த எலும்பு மாதிரி வறண்டு கிடந்தது. மனுசன் எண்ணெய் போட மறந்துவிட்டார் என்று நினைத்தாள். கரண்டி நுனியால் ஒரு சொட்டு நல்லெண்ணெயை, விசை உள்ளே போகிற வெடிப்பில் விட்டாள். அது இறங்கியது. இன்னொரு சொட்டும் விட்டாள். "ஒருதரையும் ஒண்டும் செய்துபோடாதை. என்ரை ரெண்டு பேரையும் பத்திரமாத் திருப்பி அனுப்பு" என்று அந்த இரும்பிடம் வாய்விட்டே கெஞ்சினாள். வழிந்ததைத் துடைத்தாள். மரப்பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

குகநேசன் வந்து மரப்பிடியில் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "தூர்கெய்ர் கேட்டால் இது எங்கடை லைசென்ஸ் எண்டு சொல்லுறன்" என்றார். விசைக்குள் அவர் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நேற்றுத்தானே தன் கையாலே கழுவிப் பூட்டியது. ஞாயிறு மத்தியானம் துவக்கைக் காரில் பூட்டிவிட்டு அப்பாவும் மகளும் புறப்பட்டார்கள். வடக்கே நாலு மணித்தியால ஓட்டம். தேவிகா பல்கனியில் நின்று கைகாட்டினாள். வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு அவளுக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வேலைசெய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், ஒன்பதரைக்குக் கோப்பிக்கு உட்கார்ந்தார்கள். கூட வேலைசெய்கிற ராண்டி மலைப்பக்கத்துக்காரி, தகப்பன் வேட்டைக்காரன். இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்பார்கள்.

"உன்ரை ஆளுக்கு அங்கே நல்ல குளிர் இண்டைக்கு. மைனஸ் பதினாலாம், ரேடியோவிலை சொன்னது" என்றாள் ராண்டி. "விசையிலை இருந்த எண்ணெயெல்லாம் எடுத்துப்போட்டுத்தானே போனவர்?"

தேவிகாவின் கை கோப்பைக்குப் பாதி வழியில் நின்றது. "ஏன் எடுக்க வேணும்?"

"எடுக்காட்டி உறைஞ்சு போகுமெல்லோ. என்ரை மாமாவுக்கு அப்பிடித்தான். துவக்கு எண்ணெய்தான் போட்டவர், கொஞ்சம் கூடிப்போச்சு. குளிரிலை விசை பின்னாலை போனது போனதுதான், திரும்பி வரேல்லை. அவருக்கு அது தெரியாது. தோட்டாவைப் போட்டுப் போல்ட்டை மூடினார், அவ்வளவுதான், தானாய் வெடிச்சுது. விரல் பக்கத்திலேயே இல்லை. பாதத்திலை பாதி போச்சு."

"சமையல் எண்ணெய் எண்டால்?"

ராண்டி சிரித்தாள். "சமையல் எண்ணெயைத் துவக்குக்குள்ளை ஆர் விடப்போறாங்கள்?"

தேவிகா எழும்பினாள். கதிரை பின்னால் விழுந்தது. குகநேசனின் கைத்தொலைபேசிக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆரணியின் நம்பருக்கு அடித்தாள். அதே குரல், அதே சொல். தூர்கெய்ரின் வேட்டைக் குடில் நம்பர் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது, காகிதத்தில், குகநேசனின் எழுத்தில். மனப்பாடமாக்கி வைக்காத தன் புத்தியைச் சபித்தாள். வயிற்று வலி என்று ராண்டியிடம் சொல்லிவிட்டு, ஏப்ரனோடேயே ஓடி ரயில் ஏறினாள்.

ரயிலில் இருக்க முடியவில்லை, நின்றாள். விடிந்து எத்தனை மணித்தியாலம் என்று விரலில் எண்ணினாள். இந்த மாதம் எட்டு மணிக்கு வெளிச்சம் வரும். எட்டு மணிக்குக் காவலிடத்தில் இருப்பார்கள். இருந்ததும் தோட்டா போடுவார். பிள்ளை எந்தப் பக்கம் இருப்பாள்? இடப்பக்கமா, வலப்பக்கமா? முன்னாலா? அம்மாளாச்சி, பின்னால் இருக்க வேணும், அவள் பின்னால் இருக்க வேணும் என்று வாய் முணுமுணுத்தது. எதிரே இருந்த பெண் தன் பையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

அம்மருட்டில் இறங்கி ஓடும்போது இன்னொரு பயமும் கூட ஓடிவந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்னவென்று சொல்வது? துவக்குக்குப் பூசை செய்தேன் என்றா? பதினொரு பேரும் காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இருக்கிறார்கள், ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும் என்று குகநேசன் சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் மனுசன் பாடுபட்டு எடுத்த பெயர், அவருடைய பெண்சாதியின் எண்ணெய்க் கரண்டியால் ஒரே நிமிடத்தில் போய்விடும். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அவர் சிரிக்க மாட்டார். ஒருவேளை ஒன்றுமே நடவாமல் பின்னேரம் திரும்பி வந்தால், இவள் வீணாக அவருடைய மானத்தை வாங்கினவளாவாள். லிப்டுக்குள் ஏழாம் மாடி வரை இந்த எண்ணம் அவளைப் பிடித்து உலுப்பியது. கதவைத் திறந்ததும் ஆரணியின் செருப்பு கண்ணில் பட்டது. நேரே குளிர்ப்பெட்டிக்குப் போய் நம்பரை அடித்தாள்.

எடுத்தவள் தூர்கெய்ரின் மனைவி இங்கெபோர்க். வேட்டைக் குடிலில் சமையல் அவள்தான், வேட்டை ரேடியோவும் அவளுக்குப் பக்கத்தில்.

"நான் தேவிகா. கூகாவின் மனைவி. அவருடைய துவக்கில் எண்ணெய் இருக்கிறது."

"எங்கே?"

அந்தப் பாகத்துக்கு நோர்வேஜிய மொழியில் என்ன பெயர் என்று தேவிகாவுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவள் ஒருநாளும் ஆசைப்படவில்லை. "விரல் வைக்கிற இடத்தில். அதற்கு உள்ளே. அவர் தோட்டா போடக்கூடாது. தயவுசெய்து சொல்லுங்கள், போடக்கூடாது."

"கூகா அதை நன்றாகக் கழுவினேன் என்று நேற்றுச் சாப்பாட்டு மேசையில் சொன்னானே. குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்த கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?"

இந்த இடத்தில் பின்வாங்க ஒரு வழி இருந்தது. இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள் என்று மழுப்பியிருக்கலாம். மழுப்பினால் இந்தப் பெண்ணும் மத்தியானம் வரை மழுப்புவாள்.

"நான்தான் விட்டேன்" என்றாள் தேவிகா. "அவர் கழுவிய பிறகு. அவருக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு பூசை இருக்கிறது, இரும்புக்கு எண்ணெய் வைக்கும் பூசை. சமையல் எண்ணெய். இரண்டு சொட்டு. இதை அப்படியே ரேடியோவில் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்டாலும் காரியமில்லை."

இங்கெபோர்க் ரேடியோவை எடுத்தாள். டெலிபோன் வழியாகத் தேவிகாவுக்கு எல்லாம் கேட்டது. "கூகா, கூகா, கேட்கிறதா?" இரைச்சல். "கூகா, பதில் சொல்லு." இரைச்சல். மூன்றாம் தரமும் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, கூகாவின் துவக்கு விசையில் சமையல் எண்ணெய் இருக்கிறது, மனைவி விட்டது, யாரும் அதில் தோட்டா போட வேண்டாம் என்று ஒரு சொல் விடாமல் சொன்னாள். மறுபடி இரைச்சல். பிறகு ஒரு ஆண்குரல், தூர்கெய்ரின் குரல், மெதுவாக வந்தது.

"கூகா காவலிடத்தில் இல்லை. இதை ரேடியோவில் கதைக்க வேண்டாம். நான் குடிலுக்கு வருகிறேன்."

"என்ன நடந்தது?" என்று தேவிகா டெலிபோனுக்குள் கத்தினாள். "என் மகள் எங்கே?"

"எனக்குத் தெரியாது, தேவிகா. நான் திருப்பி எடுக்கிறேன்" என்று இங்கெபோர்க் வைத்துவிட்டாள்.

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைத் தேவிகா குசினித் தரையில் இருந்து கழித்தாள், கதிரையில் அல்ல. இரண்டு தரம் அந்த நம்பரை அடித்தாள், எங்கேஜ்ட். மூன்றாம் தரம் அடிக்கப் பயந்தாள். அடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் இங்கே அடித்தால்? முன்னறை மேசையில் பூசை இன்னும் கலைக்காமல் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் பயப்படாமல் இருந்திருந்தால் அந்தத் துவக்கைத் தொட்டிருக்க மாட்டேனே என்று நினைத்தாள். பயந்தபடியால்தான் தொட்டேன். கடவுளே, நான் பயந்துதானே தொட்டேன்.

டெலிபோன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா?" ஆரணி.

"பிள்ளை! எங்கை நிக்கிறாய்? உனக்கு ஒண்டும் இல்லையே? அப்பா எங்கை?"

"என்னம்மா? விளங்கேல்லை. கொஞ்சம் பொறுங்கோ, மற்றக் காதுக்கு மாத்திறன்."

டெலிபோன் இடம் மாறுகிற சத்தம் கேட்டது.

"ஓம், இப்ப கதையுங்கோ. இடது காது இன்னும் கூவிக்கொண்டு இருக்கு. டொக்டர் வந்து பாத்தவர், ரெண்டு மூண்டு நாளிலை வந்திடுமாம். வேறை ஒண்டும் இல்லையம்மா. அழாதேங்கோ."

அழாதே என்றால் நிற்குமா? அழுகையோடேயே கேட்டாள். ஆரணி சொன்னாள். வெளிச்சம் வந்ததும் அப்பா துவக்கின் வாயை நிலத்துக்குச் சாய்த்துப் பிடித்து, தோட்டாவைத் தள்ளிப் போல்ட்டை மூடினார். மூடின கையோடே வெடித்தது. அவளுடைய இடது சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி நிலம் கிளம்பிப் பனியும் கல்லும் முகத்தில் அடித்தன. முதலில் தனக்குத்தான் பட்டுவிட்டது என்று நினைத்தாளாம். அப்பா அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி, விரல் விரலாக எண்ணிப் பார்த்தாராம். ஒரு தரமில்லை, மூன்று தரம்.

"பிறகு தோட்டாவை எல்லாம் கழற்றிப்போட்டவர். வெடிச் சத்தம் கேட்டுத் தூர்கெய்ர் ஓடி வந்தவர். அவரிட்டை அப்பா, என்ரை விரல் பிழையாப் பட்டுட்டுது எண்டு சொன்னவர். நான் பாத்தனான் அம்மா, அப்பான்ரை விரல் அங்கை இல்லை. சொன்னன், அப்பா கேக்கேல்லை. வெள்ளிக்கிழமை நானே கழுவினது, துவக்கிலை பிழையிருக்காது, என்னிலைதான் எண்டு நிக்கிறார். துவக்கைத் தூர்கெய்ரிட்டைக் குடுத்திட்டு, இனி இதைத் தொடமாட்டன் எண்டு காட்டு றோட்டிலை நிண்ட காருக்குள்ளை போய் இருந்திட்டார். ரெண்டு மணித்தியாலமா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

"துவக்கு எங்கை?"

"தூர்கெய்ர் தோட்டா போட்டு ஒருக்காச் சுட்டுப் பாக்கத்தான் வெளிக்கிட்டவர். அப்பதான் ரேடியோவிலை நீங்கள் சொன்னது வந்தது. பிறகு தோட்டா இல்லாமல் அடிச்சுப் பாத்தவர். எட்டுத் தரத்திலை அஞ்சு தரம் விசை தானாய் விழுந்தது. அம்மா, எல்லாரும் கேட்டவை. ஒருதரும் சிரிக்கேல்லை."

தேவிகா கண்ணைத் துடைத்தாள். "அப்பாவைக் கூப்பிடு."

நெடுநேரம் ஆனது. பனியில் நடக்கிற சப்பாத்துச் சத்தம், கதவு, யாரோ கதிரையை இழுத்துக் கொடுக்கிற சத்தம். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"இஞ்சாருங்கோ."

தேவிகா டெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானப்பா. நீங்கள் குளிக்கப் போன நேரம் விட்டனான். ரெண்டு சொட்டு. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

"ரெண்டு சொட்டு" என்றார் குகநேசன். குரல் கரகரத்தது. "நான் என்ரை கை எண்டு நினைச்சன் தேவி. என்ரை பிள்ளைக்கு என்ரை கையாலை எண்டு நினைச்சன். கராஜ் வேலையையும் விடுவம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன். இந்தக் கையை நம்பி என்னெண்டு பஸ்ஸுக்கு பிரேக் பூட்டுறது?"

"உங்கடை கை இல்லை. என்ரை."

பின்னால் யாரோ கோப்பி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"நீர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிஞ்சிராது" என்றார். "சாகுமட்டும் நான்தான் எண்டு இருந்திருப்பன். நீர் அந்த மேசையைத் துடைச்சு எடுத்துப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம்."

தேவிகாவுக்கு அப்படி ஒரு வழி இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"ஏன் விட்டனீர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"பயத்திலை."

"எனக்கும் இப்ப பயமாய்த்தான் கிடக்கு" என்றார் குகநேசன். பெட்டி வந்த நாளிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "கை நடுங்குது. காரையும் ஓட்டேலாது என்னாலை. ஆரணிதான் ஓட்டவேணும்."

"மெதுவா வாங்கோ. அவளைக் கெதியா ஓட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்" என்றார். "துவக்கு இஞ்சையே கிடக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் வாறம்."